விமானக் குழுப் பயிற்சி: சொந்த சிமுலேட்டரா, வாடகை மணிநேரமா, முழுக் குத்தகையா?

பிரிட்டன் ராணுவம் 1990களில் 67 அப்பாச்சி ஹெலிகாப்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அவற்றை ஓட்டவும் பராமரிக்கவும் சொல்லித்தரும் வேலை தனி ஒப்பந்தமாக 1998இல், 30 ஆண்டுகளுக்கு, போயிங்கும் வெஸ்ட்லாந்தும் சேர்ந்து தொடங்கிய ஏடிஐஎல் நிறுவனத்துக்குப் போனது. ஹெலிகாப்டர்கள் வந்திறங்க ஆரம்பித்தன. விமானியைத் தரையிலேயே பறக்கப் பழக்கும் எந்திரமான சிமுலேட்டர் தாமதமானது. விமானிகளைத் தயார்ப்படுத்த முடியாததால் புத்தம்புது ஹெலிகாப்டர்களைக் கிடங்கில் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2002இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதியது.

தனியாரிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று இதற்கு உரை எழுதுவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. விமானத்துக்கு ஒரு ஒப்பந்தம், பயிற்சிக்கு அதற்குப் பிந்திய இன்னொரு ஒப்பந்தம். முன்னது ஓடிவிட்டது, பின்னது பின்தங்கிவிட்டது. சிமுலேட்டரைப் படையே சொந்தமாக வாங்கியிருந்தாலும் இதே நிலை வந்திருக்கலாம். பயிற்சியை வெளியே கொடுக்கலாமா கூடாதா என்று விவாதிப்பவர்கள் எந்திரம் யாருடையது என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். விமானம் மாறும்போது சிமுலேட்டரும் பாடமும் கூடவே மாறியாக வேண்டும். அதை யார் செய்வது, யார் பணத்தில், எத்தனை நாளுக்குள்? வெவ்வேறு ஒப்பந்த முறைகளை நான் எடைபோடுவது இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். புறப்பட்ட சில நொடிகளில் என்ஜினில் தீ எச்சரிக்கை. விமானி திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து, குறிப்பிட்ட பொத்தானை அழுத்தி, எரிபொருளை அடைக்க வேண்டும். போன மாத மென்பொருள் மாற்றத்தில் நிஜ விமானத்தில் அந்தப் பொத்தான் இடம்மாறிவிட்டது; சிமுலேட்டரில் பழைய இடத்திலேயே இருக்கிறது. பின்னால் கட்டுப்பாட்டு மேசையில் இருக்கும் பயிற்றுநர், "விமானத்தில் இது வலது பக்கம் இருக்கும், இங்கே மட்டும் இடது பக்கம் அழுத்துங்கள்" என்கிறார். விமானி தலையாட்டுகிறார், ஆனால் விரல் பழகுவது இடது பக்கத்துக்கு. அப்படிப் பத்துத் தடவை பழகிய விரல், நிஜத் தீ வந்தால் எங்கே போகும்? இப்படிப்பட்ட பயிற்சி நடக்காமல் இருப்பதே மேல்.

எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்வது

பழைய முறை இது. சிமுலேட்டர் படையின் சொத்து, பயிற்றுநர் சீருடைக்காரர், வகுப்பறைப் பாடமும் படையே எழுதியது. இதன் பெரிய பலம், சொல்லிக்கொடுப்பவர் நேற்றுவரை படைப்பிரிவில் பறந்தவர் என்பது. போன வாரப் பயிற்சியில் என்ன புதிதாகத் தெரிந்ததோ, அது இந்த வாரம் வகுப்புக்கு வந்துவிடும். ரகசியத் தரவும் வெளியே போகாது.

பலவீனம் பணத்தில் இருக்கிறது. பட்ஜெட்டில் புது விமானமும் பழைய சிமுலேட்டரைப் புதுப்பிப்பதும் ஒரே கொள்முதல் நிதிக்குப் போட்டி போட்டால், சிமுலேட்டர் தோற்கும். அப்புறம் ஆள் பிரச்சினை: நல்ல விமானியைப் பயிற்றுநராக உட்கார வைத்தால் படைப்பிரிவில் ஒரு இருக்கை காலி. விமானிகள் தட்டுப்பாடாக இருக்கும் காலத்தில் முதலில் காலியாவது பயிற்றுநர் நாற்காலிதான்.

எந்திரம் நம்முடையது, ஆட்கள் வாடகைக்கு

சிமுலேட்டரும் தரவும் படையிடம் இருக்கும். ஓட்டுவது, பழுதுபார்ப்பது, வகுப்பெடுப்பது ஒப்பந்ததாரர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற விமானிகள், வழி கணிக்கும் நேவிகேட்டர்கள், சரக்கேற்றத்தைக் கவனிக்கும் லோட்மாஸ்டர்கள் பயிற்றுநர்களாக வருவார்கள். ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்த அனுபவம். இடமாற்றம் என்று இரண்டு வருடத்தில் கிளம்பிவிட மாட்டார்கள். நடுத்தரமான தீர்வு என்று இதைச் சிலர் ஒதுக்குகிறார்கள். பல இடங்களில் நல்ல தீர்வு இதுதான் என்பது என் கருத்து.

ஒரு ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். ஐந்து வருடத்துக்கொரு முறை டெண்டர் வரும்போது குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்று போனால், புது நிறுவனம் அடிக்கும் தள்ளுபடி பயிற்றுநரின் சம்பளத்திலிருந்துதான் வரும். ஏனென்றால் எந்திரமும் கட்டடமும் படையுடையது. குறைக்க வேறு செலவு அந்த நிறுவனத்திடம் இல்லை. அதே பயிற்றுநர், அதே நாற்காலி, சட்டையில் வேறு நிறுவனத்தின் அட்டை, கையில் குறைந்த சம்பளம். ஆறு மாதத்தில் நல்லவர்கள் விமான நிறுவனங்களுக்குப் போய்விடுவார்கள். டெண்டரில் பயிற்றுநரின் தகுதிக்கும் சம்பளத்துக்கும் கீழ்வரம்பு எழுதாத படை, மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டு அனுபவத்தை விற்கிறது.

மணிக்கணக்கில் வாங்குவது

எந்திரத்தைக் கட்டுவது, வைத்திருப்பது, புதுப்பிப்பது எல்லாம் நிறுவனம். படை பயிற்சி நேரத்தை மட்டும் வாங்கும். அமெரிக்க விமானப்படை எஃப்-15சி போர் விமானத்தின் விமானிகளுக்கும், வானிலிருந்து ரேடாரால் கண்காணிக்கும் அவாக்ஸ் விமானக் குழுக்களுக்கும் இப்படி வாங்கியது. அமெரிக்கத் தரைப்படையும் 2003இல் அலபாமாவின் ஃபோர்ட் ரக்கரில் ஹெலிகாப்டர் பயிற்சிக்கான சிமுலேட்டர் சேவையை சிஎஸ்சி நிறுவனத்திடம் ஒப்படைத்தது.

அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2006இல் இந்த முறையை ஆராய்ந்தது. கண்டது சுவையானது. கொள்முதல் நிதிக்கான போட்டியில் சிமுலேட்டர் தொடர்ந்து தோற்றதால், இயக்கச் செலவு நிதியிலிருந்து சேவையாக வாங்கும் வழியைப் படைகள் பிடித்திருக்கின்றன. சொந்தமாக வாங்கினால் எவ்வளவு, சேவையாக வாங்கினால் எவ்வளவு என்ற முழுமையான ஒப்பீடு செய்யப்படவில்லை. கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்று சரியாகக் கணக்கு வைக்கவும் இல்லை. ஒரு பையில் பணமில்லை என்று இன்னொரு பையில் கையை விட்ட கதை. குற்றம் சேவை ஒப்பந்தத்தின் மேல் இல்லை, அதற்கு வந்து சேர்ந்த வழியின் மேல்.

இந்த முறை நன்றாக ஓடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. படை பயன்படுத்தாத நேரத்தை நிறுவனம் வேறு யாருக்காவது விற்க முடிய வேண்டும். பிரிட்டனின் பென்சன் விமானத்தளத்தில் சிஏஇ நிறுவனம் நடத்தும் ஹெலிகாப்டர் பயிற்சி மையம் இதற்கு நல்ல உதாரணம். 1997இல் ஒப்பந்தம் போட்டு, சினூக், மெர்லின், பூமா சிமுலேட்டர்களை நிறுவி, மிச்ச நேரத்தை வெளிநாட்டுக் குழுக்களுக்கும் விற்றார்கள். பயணிகள் விமானத்திலிருந்து பிறந்த படை விமானங்களுக்கும் இது பொருந்தும்: கடல் கண்காணிப்பு விமானமான பி-8 போயிங் 737இன் வழி, எரிபொருள் நிரப்பும் விமானமான கேசி-46 போயிங் 767இன் வழி. அடிப்படைப் பறத்தலுக்குச் சிவில் சந்தையில் சிமுலேட்டர் தரநிலை, தரவு, பயிற்றுநர் எல்லாமே இருக்கிறது.

போர் விமானத்துக்கு அந்தச் சந்தை கிடையாது. வாங்குபவர் ஒருவர், ரகசியம் பலத்த காவலில், மென்பொருள் அடிக்கடி மாறுகிறது. மிச்ச நேரத்தை யாருக்கும் விற்க முடியாது. ஆகவே முழு முதலீட்டுச் செலவும், அதன் மேல் வட்டியும் லாபமும், மணிநேரக் கட்டணத்துக்குள் ஒளிந்துகொண்டு படையிடமே திரும்பி வரும். இதில் மணிக்கணக்கில் வாங்குவது கடன் வாங்குவதன் இன்னொரு பெயர்தான்.

பயிற்சிப் பாதை முழுவதையும் கொடுத்துவிடுவது

முதல் நாள் வகுப்பிலிருந்து இறுதித் தேர்வுவரை ஒரே கூட்டமைப்பிடம் ஒப்படைப்பது, அதாவது முழுக் குத்தகை. கனடா இதில் மூத்தது: 1998இல் பம்பார்டியர் நிறுவனத்துடன் தொடங்கிய, மூஸ் ஜா விமானத்தளத்தின் பயிற்சித் திட்டத்தை 2015இல் சிஏஇ வாங்கியது. 2024இல் சிஏஇயும் கேஎஃப் ஏரோஸ்பேஸும் சேர்ந்த ஸ்கைஅலைன் நிறுவனத்துக்கு 25 ஆண்டுக்கு 1,120 கோடி கனடா டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. பிரிட்டன் 2008இல் அசென்ட் நிறுவனத்துடன் 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. 2019இல் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, ஆறு ஆண்டுகளில் எல்லாக் கட்டங்களையும் முடித்தவர்கள் ஆண்டுக்குச் சராசரி 145 பேர்; இலக்கு 261.

இதற்கு நிறுவனத்தை மட்டும் கைகாட்ட மாட்டேன். 2010இல் அரசு படையைச் சுருக்கியது, அதற்கேற்பப் பயிற்சியும் சுருக்கி வடிவமைக்கப்பட்டது. 2015இல் கொள்கை மாறி மறுபடியும் அதிகம் பேர் வேண்டும் என்றது. 25 ஆண்டு ஒப்பந்தத்தில் நாலைந்து முறை இப்படி எண்ணிக்கை மாறும் என்பது தெரிந்த விஷயம். கூட்டவும் குறைக்கவும் விலையை முதல் நாளே எழுதிவைக்காத நீண்ட ஒப்பந்தத்தை நான் ஆதரிக்க மாட்டேன், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

பணம் எதற்குக் கொடுப்பது?

ஓடிய மணிக்கு மட்டும் கொடுத்தால், படைப்பிரிவு திடீரென வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பும் மாதம் நிறுவனம் பட்டினி. அந்த ஆபத்துக்கும் சேர்த்தே விலை சொல்லும். எந்திரம் தயாராக இருந்த நேரத்துக்குக் கொடுத்து, பழுதான நேரத்துக்குப் பிடித்தம் செய்வது நியாயமான வழி. ஒரு திருத்தத்தோடு: விமானத்தின் நடப்பு மென்பொருளோடு ஒத்துப்போகாத சிமுலேட்டரும் பழுதான சிமுலேட்டர்தான் என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும். விளக்கு எரிகிறது, திரை ஓடுகிறது என்பதற்காகத் தயார் என்று கணக்கு எழுதக் கூடாது.

தேறிய மாணவருக்கு இவ்வளவு என்று கொடுத்து, தேறாதவரின் மறுபயிற்சியை நிறுவனத்தின் செலவாக்குவது மூன்றாவது வழி. எனக்குப் பிடித்த வழி இது. ஆனால் தேர்வெடுப்பவர் எப்போதும் சீருடைக்காரராக இருக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தவரே தேர்ச்சியும் கொடுத்துப் பணமும் வாங்குவது, விமானத்தில் ஏறிப் பறக்கப்போகிறவர்களின் உயிரோடு விளையாடுவது.

வகுப்பறை

வகுப்பறைப் பயிற்சியைத் தாராளமாக வெளியே கொடுக்கலாம். பாடப்பொருளின் உரிமையை மட்டும் கொடுக்கக் கூடாது. ஸ்லைடு, கணினிப் பாடம், வினாவங்கி, எல்லாவற்றின் திருத்தக்கூடிய மூலக் கோப்பும் படையிடம் இருக்க வேண்டும். விமானக் கையேட்டில் அவசர நடவடிக்கையின் ஒரு வரி மாறுகிறது என்று வையுங்கள். மனப்பாடமாக, வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டிய வரி அது. திங்கட்கிழமை மாறிய வரி செவ்வாய்க்கிழமை வகுப்பில் இருக்க வேண்டும். அதற்கு ஒப்பந்தத் திருத்தம், விலைப்புள்ளி, ஒப்புதல் என்று மூன்று மாதம் ஆனால், பயிற்றுநர் கையால் எழுதிய தாளை ஒட்டிப் பாடம் நடத்துவார். தேர்வுத் தாளில் பழைய விடையே சரி என்று இருக்கும்.

என் தேர்வு இப்படி: போர் விமானத்துக்குச் சிமுலேட்டரும் தரவும் படையுடையது, ஓட்டவும் சொல்லித்தரவும் ஒப்பந்த ஆட்கள், தந்திரோபாயப் பாடத்துக்கு மட்டும் சீருடைப் பயிற்றுநர். சிவில் வழிவந்த சரக்கு, எரிபொருள் நிரப்பும் விமானங்களுக்கும், பல நாடுகள் ஓட்டும் ஹெலிகாப்டர்களுக்கும் மணிக்கணக்கு. தொடக்கநிலைப் பறத்தலுக்கு வேண்டுமானால் முழுக் குத்தகை, ஆனால் 25 ஆண்டு என்பதை ஐந்தைந்தாக வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் வெளியேறும் வழியோடு. வெளியேறும்போது பாடக் கோப்புகள், மாணவர் பதிவுகள், சிமுலேட்டர் பராமரிப்புக் குறிப்புகள் அனைத்தும் கூடுதல் கட்டணமில்லாமல் கைக்கு வர வேண்டும். பழைய நிறுவனமும் புதிய நிறுவனமும் சில மாதங்கள் சேர்ந்து ஓட்ட வேண்டும். அந்த மாதங்களுக்கான பணத்தை முதல் டெண்டரிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும்.