காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு: அந்தக் காலத்துக் கல்லூரிப் பெண்ணின் பெட்டிக்கு என்ன வாங்கலாம்?

நூறாண்டுக்கு முன் படிக்கப் போன பெண்ணின் உடைமைகளைக் கண்காட்சிக்கோ நாடகத்துக்கோ திரட்டுகிறவர்களுக்கு, செட்டிநாட்டில் இந்தத் தெருவின் பழம்பொருள் கடைகளைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் எந்த ஆண்டு என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள். "பழசு வேணும்" என்று மட்டும் கேட்டால் 1904-ம் 1954-ம் ஒரே கூடையில் வந்து விழும்.

உதாரணத்துக்கு, பின்னாளில் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி 1904-ல் சேர்ந்த மகாராஜா கல்லூரி அவர் ஊரான புதுக்கோட்டையிலேயே இருந்தது. அந்தக் காட்சிக்கு டிரங்குப் பெட்டி வைப்பது தவறு. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பியபோதுதான் பெட்டிக்கு வேலை. காரைக்குடிக்கு ரயில் வந்ததே 1930-ல். அதற்கு முந்தைய கிராமத்து மாணவி என்றால் மாட்டுவண்டியில் மற்றவர்களோடு ஏற்றக்கூடிய சிறு பெட்டி போதும்.

பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடி, கடையின் இருட்டு மூலையில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் துரு தின்ற ஓட்டை. தரை ஈரத்தில் கிடந்ததால் அடி மூலைகள்தான் முதலில் போயிருக்கும். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் கீல் இடுக்கில் பழைய நிறம் தெரியும்.

காலத்தைக் காட்டிக்கொடுப்பது முத்திரைதான். எனாமல் தட்டைக் கவிழ்த்தால் அடியில் 'செக்கோஸ்லோவாக்கியா' என்று இருக்கிறதா? அந்த நாடு பிறந்ததே 1918-ல். 1920-களின் விடுதி மாணவிக்கு வைக்கலாம், 1907-க்கு ஆகாது. அரிக்கேன் விளக்கில் 'வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்குப் பிந்தையது. எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். விளக்கின் அடித்தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் காகிதத்தின் மேல் பத்து நிமிடம் வைத்தால் ஒழுகல் தெரிந்துவிடும். பிறகு நன்றாகக் காயவைக்க வேண்டும்.

சாய்வு மூடி வைத்த கணக்குப் பெட்டியைப் 'படிப்பு மேசை' என்று காட்டுவார்கள். அது கடைக் கணக்கு எழுதியது. ஆனாலும் வீட்டில் இருந்த பெண் அதில் வைத்து எழுதியிருக்கலாம் என்பதால் தாராளமாக வாங்கலாம். கீலில் ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் புது வேலை, அல்லது பின்னால் மாற்றியது. அந்த வகைத் திருகு 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

பலரும் ஆசையாகச் சிலேட்டு வாங்குகிறார்கள். அது சின்னப் பிள்ளைகளின் பலகை. கல்லூரி மாணவிக்குக் கண்ணாடி மைக்கூடும் நிப்புக்கட்டையும்தான் பொருத்தம். துருவேறிய நிப்பை ஒரு ராத்திரி தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்தால் தேறும்.

புத்தகம், நோட்டு வகையில் இந்தத் தெருவை நம்ப வேண்டாம். பூச்சியரித்த தாள் தொட்டாலே உதிரும். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தவை இப்போது சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. பிரதி எடுப்பதற்கு அங்கே கேட்பதே நல்லது.

விளக்குக் கண்ணாடியைத் தனியாகக் கழற்றி, வைக்கோல் சுற்றி, வாங்கிய பெட்டிக்குள்ளேயே வைத்துத் தரச் சொல்லுங்கள். விளக்கோடு சேர்த்துக் கட்டினால் பஸ் குலுக்கலில் கழுத்தில் விரிசல் விடும்.