மலையில் மண் வனைந்து வாழ: கடை, ஆன்லைன், வகுப்பு, விடுதி ஆர்டர் – எதை நம்பி இறங்கலாம்?

கொடைக்கானலிலோ கோத்தகிரியிலோ ஸ்டோன்வேர் (அதிக சூட்டில் இறுகச் சுடும் மண்பாண்டம்) பட்டறை போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது சூளையின் விலையை. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி வேறு: சூளையிலிருந்து இறங்கும் பொருள் எந்த வழியாக யார் கைக்குப் போகப் போகிறது? வழி மாறினால் வருமானம் மட்டும் மாறாது. என்ன வடிவம் வனைவது, எந்த மாதம் வனைவது, சொந்த வேலைக்கு எத்தனை நாள் மிஞ்சும் என்பதெல்லாம் மாறும். கலையை விடாமல் பத்து வருடம் தாக்குப்பிடிப்பதும், மூன்றாம் வருடம் சக்கரத்தை விற்றுவிட்டு இறங்கிப் போவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகின்றன.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விடுதிகளும் கஃபேக்களும் தரும் பாத்திர ஆர்டரை அடித்தளமாக வையுங்கள். வகுப்பை அளவோடு நடத்துங்கள். கடைக்குக் கொடுப்பதென்றால் ரொக்கத்துக்கு மட்டும் கொடுங்கள். ஆன்லைனைக் கடைசியில் வையுங்கள்.

ஒரே பொருளை நான்கு வழியிலும் ஓட்டிப் பார்த்தால் காரணம் புரியும். 300 மில்லி காபி மக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள ரூபாய்க் கணக்கு ஒரு மாதிரிதான், உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். களிமண்ணும் கிளேஸும் (சூட்டில் கண்ணாடிபோல் உருகிப் படியும் மேல்பூச்சு) 30 ரூபாய். 100 லிட்டர் மின்சூளையில் சுமார் 50 மக் அடங்கும். பிஸ்க் (பூச்சுக்கு முந்தைய முதல் சுடுதல்), கிளேஸ் (பூச்சு போட்டபின் சுடுவது) என இரண்டு சுடுதலுக்கும் சேர்த்து 100 யூனிட் ஆகிறது, யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் மக்குக்கு 18 ரூபாய். வனைய, சீவ, கைப்பிடி ஒட்ட, ஈரப் பஞ்சால் துடைக்க, கிளேஸில் முக்க, சூளையில் அடுக்க என்று எல்லாம் சேர்த்தால் ஒரு மக்குக்கு 35 நிமிடம் போகும். மணிக்கு 200 ரூபாய் கூலி என்றால் 117. மொத்தம் 165. நூற்றில் பதினைந்து பழுதாகும் என்று வைத்து 0.85-ஆல் வகுத்தால் 194. வாடகை, சக்கரத் தேய்மானத்துக்கு 30 சேர்த்தால் அடக்கம் சுமார் 225 ரூபாய். பழுதைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இரண்டாவது, தன் கூலியை லாபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது. இந்த மக்கின் சில்லறை விலை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

கடை

ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ கொடைக்கானல் ஏரிப் பக்கத்திலோ உள்ள கடைக்காரர் இரண்டு விதமாகக் கேட்பார். ஒன்று ‘விற்றால் காசு’: கடைக்கு 30 முதல் 40 சதவீதம், மீதி உங்களுக்கு. 600-ல் உங்கள் கைக்கு 360 முதல் 420 வரும். இன்னொன்று, பாதி விலைக்கு ரொக்கமாக எடுத்துக்கொள்வது: 300 ரூபாய். காகிதத்தில் முதலாவது லாபமாகத் தெரியும். ஆனால் அலமாரியில் ஆறு மாதம் நிற்கும் மக்கில் உங்கள் மண்ணும் மின்சாரமும் உழைப்பும் முடங்கிக் கிடக்கின்றன. வாடிக்கையாளர் தட்டிவிட்டு உடைந்தால் நஷ்டம் யாருடையது என்பதும் பேசப்பட்டிருக்காது. அதையும் மீறிக் கொடுப்பதானால் உருப்படி எண்ணிக்கை, உடைந்தால் யார் பொறுப்பு, மாதத்தில் எந்தத் தேதிக்குள் பணம், 90 நாளில் விற்காததைத் திருப்பி எடுப்பது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் பார்வையில் 300 ரூபாய் ரொக்கமே மேல். அதில் 75 ரூபாய்தான் மிச்சம், ஆனால் அடுத்த சூளைக்கு மண் வாங்க அது அன்றைக்கே கையில் இருக்கும்.

ஆன்லைன்

மலையிலிருந்து அனுப்புகிறவருக்கு எதிரி தூரமல்ல, பெட்டியின் அளவு. கூரியர்காரர்கள் பெரும்பாலும் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எடைக்கே கட்டணம் போடுகிறார்கள். மக்கைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு 20×20×20 பெட்டியில் வைத்தால் 1.6 கிலோ. உள்ளே இருப்பதோ முக்கால் கிலோகூட இல்லை. பெட்டிக்கு 45, கூரியருக்கு 110, தளத்துக்கு 50 என்று கழித்தால் 600-ல் 395 நிற்கும். அதில் படம் எடுத்ததற்கும், ‘எப்போது வரும்’ என்ற செய்திகளுக்குப் பதில் எழுதியதற்கும் கூலி இல்லை. மழைக்காலத்தில் பர்லியாறு பக்கமோ வத்தலக்குண்டு சாலையிலோ மண் சரிந்தால் பார்சல் நின்றுவிடும். மூடுபனியில் நமத்துப்போன அட்டைப்பெட்டியும் பாதி பலத்தை இழந்திருக்கும், பெட்டிகளை அடுப்புள்ள அறையில் வையுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மலையில் தடை இருப்பதால் குமிழி உறையை மறந்துவிட்டு, தேன்கூட்டுக் காகிதமும் கிழித்த அட்டையும் வைத்துக் கட்டப் பழகுங்கள். கட்டிய பெட்டியை இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரு மூலையும் ஒரு முகமும் படும்படி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கட்டு முறையை நம்ப வேண்டும்.

இந்தத் தீர்ப்பு மண்ணுக்கு மட்டும்தான். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் எம்பிராய்டரியையோ, தாளில் வரைந்த குறும்பர் ஓவியத்தையோ எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழ். எடை இல்லை, உடையாது, சுருட்டியோ மடித்தோ அனுப்பலாம். அங்கே ஆன்லைன்தான் முதல் வழி.

வகுப்பு

மணிக்கணக்கில் பார்த்தால் வகுப்புக்கு நிகராக எதுவும் இல்லை. நான்கு சக்கரம், இரண்டு மணி நேரம், ஆளுக்கு 1,200 ரூபாய் என்றால் 4,800. ஆனால் வகுப்பு இரண்டு மணி நேரத்தோடு முடிவதில்லை. முன்னும் பின்னும் மண் பிசைவதும் கழுவுவதும் ஒரு மணி நேரம். விருந்தினர் ஊருக்குப் போன பிறகு அவர்கள் வனைந்த எட்டுப் பாண்டங்களைக் காயவைத்து, அடி சீவி, இரண்டு முறை சுட்டு, பெயர் மாறாமல் கட்டி அனுப்ப இன்னும் மூன்று மணி நேரம். மண், சுடுதலுக்கு 900 கழித்தால் 3,900 ரூபாய் ஆறு மணி நேரத்துக்கு, அதாவது மணிக்கு 650. கூரியரைத் தனியாக வசூலிக்காவிட்டால் இதில் பெரும்பகுதி போய்விடும். ஆளுக்கு ஒரு பாண்டம் மட்டுமே சுட்டுத் தரப்படும், நிறம் இரண்டில் ஒன்று, ஆறு வாரம் ஆகும் என்பதை முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். தரையில் காய்ந்த களிமண் தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அதில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். ஈரத்துணிதான்.

இவ்வளவு நல்ல வருமானத்தை ஏன் அடித்தளமாக வைக்கச் சொல்லவில்லை? அது சுற்றுலாவின் கையில் இருக்கிறது. 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு போடப்பட்டது. மலைக்கு அது தேவையான கட்டுப்பாடு. ஆனால் சனி ஞாயிறு கூட்டத்தை நம்பியே கடன் தவணை கட்டுகிறவருக்கு அடுத்த உத்தரவு என்ன என்பதே கவலையாகிவிடும். அதோடு, வருடம் முழுக்க முதல் பாடத்தையே சொல்லிக்கொடுப்பவரின் கை வளர்வதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வாரம் மூன்று வகுப்பு, மற்ற மாதங்களில் ஒன்று என்று நிறுத்திக்கொள்வது நல்லது. உறைவிடப் பள்ளிகளில் வாரம் ஒரு வகுப்பு கிடைத்தால் தொகை குறைவாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத ஜூலையிலும் அது வரும்.

விடுதி, கஃபே ஆர்டர்

மலையில் எஸ்டேட் பங்களா தங்குமிடங்களும் சிறு கஃபேக்களும் மேசைக்குத் தனி முகம் தேடுகின்றன. நூறு மக் ஆர்டருக்கு ஒன்று 400 ரூபாய் என்றால் மிச்சம் 175. கட்டு எளிது, ஒரே வண்டியில் போய் இறக்கிவிடலாம். ஒரே வடிவத்தைத் தொடர்ந்து வனையும்போது நேரமும் 35 நிமிடத்திலிருந்து இறங்கும். எல்லாவற்றையும்விட, உணவகத்தில் பாத்திரம் உடையும். உடைந்ததற்கு அதே வடிவம், அதே நிறம் வேண்டுமென்று அடுத்த வருடமும் உங்களிடம்தான் வருவார்கள். நாங்கள் இதை அடித்தளம் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் இங்கே தவறினால் நூறாகத் தவறும். சில விஷயங்களை ஆர்டர் எடுப்பதற்கு முன்பே முடித்துவைக்க வேண்டும்.

மண் சுருங்குதல்: ஸ்டோன்வேர் மண் சுட்டபின் 10 முதல் 13 சதவீதம் சுருங்கும். உங்கள் மண் 12 என்றால், சுட்டபின் 9 சென்டிமீட்டர் வாய் வேண்டுமானால் ஈரத்தில் 10.2 சென்டிமீட்டர் வைத்து வனைய வேண்டும். 10 சென்டிமீட்டர் கோடு போட்ட பட்டையை ஈர மண்ணில் அழுத்தி, சுட்டு, எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் உங்கள் எண் கிடைக்கும். மண் புது மூட்டை பிரிக்கும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள், மூட்டை எண்ணையும் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் மறு ஆர்டரில் சாஸரில் கப் உட்காராது.

தண்ணீர் உறிஞ்சல்: கிளேஸ் இல்லாத சுட்ட துண்டை நன்கு உலர்த்தி எடை போடுங்கள், இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். கூடிய எடை நூற்றுக்கு இரண்டைத் தாண்டினால் அந்த மண் அந்தச் சூட்டில் போதுமான அளவு இறுகவில்லை. நாளடைவில் ஈரம் ஏறி, மைக்ரோவேவில் கைப்பிடி சுடும், கிளேஸில் வலைப்பின்னல் விரிசல் விழும். விரிசலைச் சோதிக்க, ஐஸ் தண்ணீரில் வைத்த மக்கைக் கொதிநீருக்கு மாற்றி, மறுபடி ஐஸுக்கு என்று மூன்று சுற்று போட்டு, மை தடவித் துடைத்துப் பாருங்கள். ஈயம் கலந்த கிளேஸ் பட்டறைக்குள்ளேயே வரக் கூடாது.

உலர்த்தல்தான் மலையின் தனிக் கணக்கு. பிப்ரவரியில் நான்கு நாளில் காயும் மக், மழையில் இரண்டு வாரம் இழுக்கும். மெல்லிய விளிம்பு முன்னால் காய்ந்து, தடித்த அடி ஈரமாக இருந்தால் அடியில் எஸ் வடிவ விரிசல் வரும். கைப்பிடி உடம்பைவிட ஈரமாக ஒட்டப்பட்டால் ஒட்டிய இடத்தில் கோடு விழும். கம்பித் தட்டில் கவிழ்த்து, மேலே துணி போட்டு மெதுவாகக் காயவிடுங்கள். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் ஈரப் பாண்டத்தை வெளி வராந்தாவில் விட்டால் உள்ளே நீர் உறைந்து மண் நொறுங்கும். பிஸ்க் சூளையில் இன்னொரு சங்கதி: 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிப் புத்தகம் சொல்லும் 95 டிகிரியில் நிறுத்திவைத்தால் ஈரமுள்ள பாண்டம் ஆவியில் வெடிக்கலாம். 80 டிகிரியில் மூன்று மணி நேரம் நிறுத்தி, மூடித் துளை அருகே கண்ணாடியைப் பிடித்து, ஆவி படியவில்லை என்று தெரிந்த பிறகு ஏற்றுங்கள். கேஸ் சூளை வாங்குபவர்கள் உயரத்தைச் சொல்லியே பர்னர் கேட்க வேண்டும். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கடல் மட்டத்துக்குப் பொருத்திய பர்னர் புகை கக்கும், 1,100 டிகிரிக்கு மேல் ஏறாமல் நிற்கும்.

ஆகவே நூறு மக் ஆர்டருக்கு 118 வனையுங்கள். கோடையில் ஐந்து வாரம், மழையில் எட்டு வாரம் என்று நாள் சொல்லுங்கள். முன்பணம் பாதி வாங்காமல் மண் பிசைய வேண்டாம். அதற்கு முன் மூன்று மாதிரி செய்து, காசுக்குக் கொடுத்து, ஒன்றில் இருவரும் கையெழுத்துப் போட்டு உங்கள் அலமாரியில் வையுங்கள். ‘நிறம் கொஞ்சம் வேறாக இருக்கிறதே’ என்ற பேச்சு வரும்போது அந்த மக்தான் பதில் சொல்லும்.

மீதிப் பணம் இழுபடுவதுதான் இந்த வழியின் நோய். உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) இலவசம், ஆன்லைனில் முடியும். அது இருந்தால் குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தந்தாக வேண்டும் என்பது 2006-ம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டு வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்பதால் விடுதியின் கணக்காளரே அவசரப்படுத்துவார். பதிவு எண்ணைப் பில்லின் மேலேயே அச்சடித்துவிடுங்கள். ஜிஎஸ்டியில் ஒரு கண்ணி இருக்கிறது: தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம், ஆனால் வகுப்பு என்ற சேவையும் சேர்ந்தால் வரம்பு 20 லட்சம். இரண்டும் நடத்துபவர்கள் மொத்தத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

கடன் தேடுபவர்கள் மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய அதில் உள்ள 18 தொழில்களில் குயவர் தொழிலும் ஒன்று. முதலில் ஒரு லட்சம், அடுத்து இரண்டு லட்சம், 5 சதவீத வட்டி, பிணை வேண்டாம்.

ஒரே மக்கை ஆயிரம் முறை வனைவதில் கலை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கை பழகுவதும் அங்கேதான். நீலகிரிப் பழங்குடியான கோத்தர் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வனைந்த பானைகளின் ஒழுங்கு திரும்பத் திரும்பச் செய்ததில் வந்தது. சொந்த வேலைக்கு இடத்தை விட்டுவைப்பது உங்கள் பொறுப்பு: ஐந்து சூளையில் ஒன்றை ஆர்டர் எதுவும் ஏறாத சூளையாக நாள்காட்டியில் முன்பே குறித்துவிடுங்கள். கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் மழைக்காலமும், நீலகிரியில் ஜூலையும் அதற்குத் தோது. பெரிய பாண்டங்கள் மெதுவாகக் காய அந்த ஈரம் உதவும், கிளேஸ் சோதனைத் துண்டுகளுக்கும் நேரம் கிடைக்கும். அப்படியும் திரும்பச் செய்வது ஒத்துவராதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளி வகுப்பை அடித்தளமாக வைத்து, வருடத்துக்கு இரண்டு சூளை சொந்த வேலையைப் பட்டறை வாசலிலேயே முழு விலைக்கு விற்கலாம். வருமானம் குறையும். அந்தக் கணக்கை முதல் சூளை வாங்குவதற்கு முன்பே வீட்டாரோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட வேண்டும்.