அவுட்லுக் படிவத்தை எங்கே பப்ளிஷ் செய்தால் மற்றவர் கணினியிலும் திறக்கும்?

விடுப்பு விண்ணப்பம், கொள்முதல் கோரிக்கை என்று அவுட்லுக்கில் வடிவமைத்த படிவம் வடிவமைத்தவரிடம் ஒழுங்காகத் திறக்கும்; மேலாளரிடம் வெறும் மின்னஞ்சலாகப் போய் நிற்கும். படிவம் இயல்பாக அஞ்சலோடு போவதில்லை என்பதே அடிப்படைக் காரணம். ‘ஐபிஎம்.நோட்.லீவ்’ போன்ற மெசேஜ் கிளாஸ் (எந்தப் படிவம் என்று அவுட்லுக்குக்குச் சொல்லும் அடையாளம்) பெயரும், நிரப்பிய விவரங்களும்தான் போகின்றன. அந்தப் பெயருக்கு உரிய படிவத்தைப் பெறுபவரின் அவுட்லுக் தானே தேடி எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சாதாரண அஞ்சல் சாளரத்தைக் காட்டிவிடும். எனவே முதலில் பார்க்க வேண்டியது, படிவம் எங்கே பப்ளிஷ் ஆகியிருக்கிறது, அதாவது எந்த லைப்ரரியில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை.

பெர்சனல் ஃபார்ம்ஸ் லைப்ரரி. இது உங்கள் அஞ்சல் பெட்டிக்குள் இருப்பது. வேறு யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்க மட்டும் ஏற்றது. “எனக்கு வேலை செய்கிறது, அவருக்கு இல்லை” என்ற புகார்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

படிவத்தையும் சேர்த்தே அனுப்புவது. வடிவமைப்புச் சாளரத்தின் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் ‘செண்ட் ஃபார்ம் டெஃபினிஷன் வித் ஐட்டம்’ என்ற கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் படிவம் அஞ்சலுக்குள்ளேயே போகும். எளிய வழிபோலத் தோன்றினாலும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மெசேஜ் கிளாஸ் வெறும் ‘ஐபிஎம்.நோட்’ ஆகிவிடும், அஞ்சலின் அளவு கூடும், விபிஸ்கிரிப்ட் (படிவத்தின் பொத்தான்களை இயக்கும் நிரல் மொழி) ஓடாது. பொத்தான் இருக்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்புறையில் ஓஎஃப்டி (அவுட்லுக் டெம்ப்ளேட்) கோப்பாக வைத்துத் திறக்கச் சொல்வதும் இதே கதைதான்: பப்ளிஷ் ஆகாத படிவத்தில் ஸ்கிரிப்ட் ஓடாது. ஸ்கிரிப்ட் இல்லாத, வாசகம் மட்டும் மாறாமல் இருக்க வேண்டிய அஞ்சலுக்கு ஓஎஃப்டி போதும்.

ஃபோல்டர் லைப்ரரி. பகிர்ந்த காலண்டர், பகிர்ந்த தொடர்புகள் போன்றவற்றுக்குக் கச்சிதம். அந்த ஃபோல்டரைத் திறக்கும் எல்லாருக்கும் படிவம் கிடைக்கும். அனுப்பும் அஞ்சலுக்கு உதவாது, ஏனென்றால் அது போய்ச் சேர்வது பெறுபவரின் இன்பாக்ஸில்.

ஆர்கனைசேஷனல் ஃபார்ம்ஸ் லைப்ரரி. நிறுவனத்தின் அஞ்சல் எக்ஸ்சேஞ்சில் (மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வர்) இருந்து, எல்லாரும் விண்டோஸின் கிளாசிக் அவுட்லுக்கையே (கணினியில் நிறுவும் பழைய அவுட்லுக்) பயன்படுத்தினால், அஞ்சல் படிவத்துக்குச் சரியான இடம் இதுதான். இது எக்ஸ்சேஞ்சின் பப்ளிக் ஃபோல்டர்களுக்குள் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சின் கிளவுட் வடிவமான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் தானாக வராது. நிர்வாகி பவர்ஷெல் கட்டளைகள் மூலம் உருவாக்கி, வடிவமைப்பவருக்கு எழுதும் உரிமை தர வேண்டும். இங்கே பப்ளிஷ் செய்ததும் பெர்சனல் லைப்ரரியில் உள்ள பழைய பிரதியை அழித்துவிடுங்கள். அவுட்லுக் முதலில் கேஷையும் (கணினியில் உள்ள தற்காலிகச் சேமிப்பு), பிறகு திறந்திருக்கும் ஃபோல்டரையும், பெர்சனல் லைப்ரரியையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் நிறுவன லைப்ரரிக்கு வருகிறது. பழைய பிரதி அங்கேயே இருந்தால் வடிவமைத்தவர் ஒரு படிவத்தையும் மற்றவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

இடம் சரியாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால், பெறுபவரின் கணினியில் இன்பாக்ஸ் பட்டியலில் ‘மெசேஜ் கிளாஸ்’ நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். யூகிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வெறும் ‘ஐபிஎம்.நோட்’ என்று இருந்தால், மேலே சொன்ன கட்டம் டிக் ஆகியிருக்கலாம், அல்லது படிவத்தின் கோட் ஓடும்போது புதிய புலத்தை (ஃபீல்டு, நிரப்பிய மதிப்பைச் சேமிக்கும் இடம்) சேர்த்திருக்கலாம். முழுப் பெயரும் இருந்து சாதாரண சாளரம் திறந்தால், படிவம் அவருக்குக் கிடைக்கவில்லை அல்லது கேஷ் கெட்டிருக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, கஸ்டம் ஃபார்ம்ஸ், மேனேஜ் ஃபார்ம்ஸ் வழியே போய் ‘கிளியர் கேஷ்’ அழுத்துங்கள். ஒவ்வொரு முறை பப்ளிஷ் செய்யும்போதும் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் வெர்ஷன் எண்ணைக் கூட்டுங்கள். எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது தெரிந்துவிடும்.

படிவம் திறந்து கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தால், அந்தக் கட்டங்களை எந்தப் புலத்தோடும் இணைக்கவில்லை என்று பொருள். கட்டத்தின் ப்ராப்பர்ட்டீஸில் வேல்யூ தாவலுக்குப் போய்ப் புதிய புலம் உருவாக்குங்கள். ‘செப்பரேட் ரீட் லேஅவுட்’ வைத்திருந்தால், எழுதும் பக்கத்தில் சேர்த்த கட்டத்தைப் படிக்கும் பக்கத்திலும் சேர்க்க வேண்டும். இது அடிக்கடி மறந்துபோகும்.

எல்லாம் தெரிந்து பொத்தான்கள் மட்டும் ஓடவில்லையா? 2017 செப்டம்பர் பாதுகாப்புப் புதுப்பிப்பிலிருந்து படிவ ஸ்கிரிப்ட் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு பதிவுகள் தேவை: கணினி அளவில் அவுட்லுக்கின் செக்யூரிட்டி கீயில் ‘டிஸேபிள்கஸ்டம்ஃபார்ம்ஐட்டம்ஸ்கிரிப்ட்’ என்ற டிவேர்டு (எண் வகை) மதிப்பு 0, பயனர் அளவில் ஃபார்ம்ஸ் கீயின் கீழ் ‘டிரஸ்டட்ஃபார்ம்ஸ்கிரிப்ட்லிஸ்ட்’ கீயில் படிவத்தின் மெசேஜ் கிளாஸ் பெயரில் காலியான ஸ்ட்ரிங் மதிப்பு. பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளியின்றி இட வேண்டும். ஒன்று மட்டும் போதாது. 64-பிட் விண்டோஸில் 32-பிட் ஆஃபீஸ் என்றால் முதல் கீ வேறு பாதையில் இருக்கும். கிளிக்-டு-ரன் (இணையம் வழியே ஆஃபீஸை நிறுவும் முறை) நிறுவலில் இன்னொரு பாதை. பதிவு போட்டும் பலன் இல்லையென்றால் முதலில் பாதையைச் சரிபாருங்கள்.

நிறுவனத்துக்கு வெளியே போகும் படிவம் பெரும்பாலும் ‘வின்மெயில்.டேட்’ என்ற, பெறுபவரால் எளிதில் திறக்க முடியாத இணைப்பாகத்தான் போய்ச் சேரும். அதற்கு அவுட்லுக் படிவம் ஏற்றதே அல்ல.

உலாவியில் நிரப்பும் படிவச் சேவையான மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் இங்கேதான் வருகிறது. புதிய அவுட்லுக், அவுட்லுக்கின் வலைப் பதிப்பு, மேக், மொபைல் எதிலும் பழைய படிவம் ஓடாது. விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் செய்தால் இணைப்பை அனுப்பினால் போதும், எந்த உலாவியிலும் திறக்கும், பதில்கள் எக்செலில் சேரும், மைக்ரோசாஃப்டின் தானியக்கச் சேவையான பவர் ஆட்டோமேட் வழியே மேலாளரின் ஒப்புதலுக்குப் போகும். படிவத்தைத் திறக்கவும் அனுப்பவும் இணையம் வேண்டும் என்பது இழப்பு. இருந்தாலும் பயனர்களில் ஒருவராவது கிளாசிக் அவுட்லுக்கை விட்டுப் போயிருந்தால், அவுட்லுக் படிவத்தைப் பழுதுபார்ப்பதில் நேரம் செலவிடாமல் இதற்கு மாறிவிடுங்கள்.