விலைச் சொற்களுக்கு ஓர் அகராதித் துணை

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் சகாக்களுடன் தொகுத்து, 1942இல் டோக்கியோவில் அச்சான அகராதியை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி என அறியப்படும் அந்நூலை, விலை குறித்த சொற்களை வைத்தே நான் மதிப்பிடுகிறேன். ஏனெனில் தமிழர் மிகுதியும் இடறும் இடம் அது.

'விலை மலிவு' என்று சொல்லிப் பழகிய நாம், ஆங்கிலத்திலும் 'பிரைஸ் இஸ் சீப்' என்று எழுதிவிடுகிறோம். கவனமான ஆங்கில எழுத்தில் பொருள்தான் 'சீப்' அல்லது 'எக்ஸ்பென்சிவ்'. விலையோ 'லோ' அல்லது 'ஹை'. இத்தகைய சொற்சேர்க்கைகளை எடுத்துக்காட்டு வாக்கியங்களின் வழியே காட்டுவதுதான் இவ்வகராதியின் பெரும்பலம். விற்பவர் கேட்கும் தொகை 'பிரைஸ்', ஒன்றைப் பெறவோ செய்யவோ ஆகும் செலவு 'காஸ்ட்', அதற்கு உண்டான மதிப்பு 'வேல்யூ' என்ற வேறுபாடு மனத்தில் பதிய, வெறும் பொருள் விளக்கம் போதாது, வாக்கியங்கள் வேண்டும்.

என்னை மிகவும் கவர்ந்தவை எதிர்மறை போலத் தோன்றும் சொற்கள். 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பற்றது அன்று, மிகமிகப் பயனுள்ளது. 'பிரைஸ்லெஸ்' என்பது நம் 'விலைமதிப்பற்ற' என்பதற்கு நேரானது. மதிப்பே இல்லாததற்கு 'வொர்த்லெஸ்' இருக்கிறது. 'வொர்த்' என்ற சொல்லையடுத்து வரும் வினை, 'வொர்த் ரீடிங்' என்பதுபோல், 'இங்' ஈறு பெறும்.

அச்சு நூல் கனமானது. மேசையில் வைத்துப் படிப்பவர்களுக்கே ஏற்றது. கல்லூரி மாணவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.