80 ரூபாய் திருவாசகம்: 12 வருடம் பயன்படுத்திய அனுபவம்

மதுரைப் புது மண்டபத்துக்குள் தையல் மிஷின்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. 2013. கடைகள் அப்புறம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. கல்தூணில் சாய்த்து அடுக்கியிருந்த புத்தகங்களில் விலை குறைந்ததாகப் பார்த்து எடுத்தேன். 80 ரூபாய்.

பக்தி பெருகி வாங்கியது இல்லை. வீட்டுக்காரரின் எவர்சில்வர் வியாபாரம் படுத்து, வட்டிக்கு வாங்கிய பணம் கழுத்தைப் பிடித்த நேரம். கோயிலில் யாரோ ஒரு துண்டுத்தாளைக் கையில் திணித்தார்கள். கல்யாணம் கூடிவரச் ‘சடையா யெனுமால்’, கிரக தோஷத்துக்கு ‘வேயுறு தோளி பங்கன்’, பணக்கஷ்டத்துக்கு ‘இடரினும் தளரினும்’, எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சிவபுராணம் 48 நாள் என்று அதில் பட்டியல். மற்றவை தேவாரம். சிவபுராணம் திருவாசகத்தின் முதல் பகுதி என்பதால் இந்தப் புத்தகம்.

ஒரு மண்டலம் விடாமல் படித்தேன். சாயங்காலம் ஆறு மணி, விளக்கேற்றி, 95 அடியும். 49ஆம் நாள் வட்டிக்காரர் வழக்கம்போல பைக்கில் வந்து ஹாரன் அடித்தார். கடன் அடைய 2017 ஆனது. இரண்டு சங்கிலியும் என் சம்பளமும் போய் அடைந்த கடன் அது. நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள். அதைச் சிவபுராணத்தின் வரவில் எழுத எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு மதிப்பெண் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஒன்று கொடுத்திருப்பேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் துண்டுத்தாள் முழுப் பொய் கிடையாது. ‘இடரினும் தளரினும்’ சம்பந்தர் தன் அப்பாவின் வேள்விக்காகத் திருவாவடுதுறையில் பொன் கேட்டுப் பாடியது. கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் திருவாசகம் அப்படிப்பட்ட புத்தகம் இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கோபத்தில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு நாள் குழைத்த பத்து என்ற பகுதியில் இது கண்ணில் பட்டது:

வேண்டத் தக்கது அறிவோய்நீ
வேண்ட முழுதும் தருவோய்நீ

சரி, தருகிறாரே என்று மேலே படித்தால், எனக்கென்று ஒரு விருப்பம் இருந்தால் அதுவும் உன் விருப்பம்தானே என்று பாட்டு முடிகிறது. கடன் தீர வழி கேட்டு வந்தவளிடம், கேட்கிறவள் யார் என்று திருப்பிக் கேட்கிறது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பூஜை அலமாரியில், கற்பூர டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மூன்று வருடம் அங்கேயே கிடந்தது.

மறுபடி வெளியே எடுக்க வைத்தவர் எதிர்வீட்டுப் பெரியம்மா. “முற்றோதலுக்கு வர்றியா? மதியம் சாப்பாடு உண்டு” என்றார். மதுரையில் ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு கோயிலிலோ மடத்திலோ திருவாசகத்தை முழுதாக ஓதும் முற்றோதல் இருக்கும். காலையில் தொடங்கி 51 பகுதிகள், 650க்கும் மேற்பட்ட பாடல்கள், பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவார்கள். முக்கால்வாசி பெண்கள்தான். கழுத்தில் ருத்திராட்சம், கையில் தண்ணீர் பாட்டில், மடியில் புத்தகம். மைக்கில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் பின்னால் ஓடும். போற்றித் திருவகவலில் ‘தென்னாடுடைய சிவனே போற்றி’ வரும்போது தூங்குகிறவர்களும் விழித்துக்கொள்வார்கள்.

முதல் தடவை உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாலாவது தடவை ஒரு உறுத்தல். சிவபுராணத்தின் கடைசியிலேயே ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்’ என்று இருக்கிறது. நாங்களோ அதையே பொருள் உணராமல், அடுத்த மூச்சுக்குள் அடுத்த பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தோம். பெரியம்மாவிடம் சொன்னேன். “வாய்க்குப் பழகட்டும்டீ, மனசு பின்னாடி வரும்” என்றார். வந்ததா என்றால், எனக்கு ஓரளவு வந்தது. பெரியம்மாவுக்கு அது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை.

எனக்கு வந்த இடம் நீத்தல் விண்ணப்பம். உத்தரகோசமங்கையில் பாடிய 50 பாட்டு. ஒவ்வொன்றிலும் ‘என்னை விட்டுவிடாதே’ என்ற கெஞ்சல். கும்பலோடு ஓடும்போது எல்லாப் பாட்டும் ஒன்றுபோலக் காதில் விழும். வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்ட பிறகுதான் கடைசிக்கு முந்தைய பாட்டைக் கவனித்தேன். என்னை விட்டுவிட்டால் என்ன செய்வேன் தெரியுமா என்று கடவுளையே மிரட்டுகிறார் மாணிக்கவாசகர்:

உரிப்பிச்சன் தோலுடைப் பிச்சன் நஞ்சூண் பிச்சன் ஊர்ச்சுடுகாட்டு
எரிப்பிச்சன் என்னையும் ஆளுடைப் பிச்சன் என்று ஏசுவனே.

பிச்சன் என்றால் பித்தன், பைத்தியம். யானைத் தோலைப் போர்த்துகிற பைத்தியம், விஷம் தின்கிற பைத்தியம், சுடுகாட்டு நெருப்பில் ஆடுகிற பைத்தியம் என்று ஊர் முழுக்கத் திட்டுவேன் என்கிறார். வைது முடிக்கும் இடத்தில், என்னைப் போய் ஆளாக்கிக்கொண்ட பைத்தியம் என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். எங்கள் தெருக் குழாயடியில் நடக்கும் சண்டை இதே தாளத்தில்தான் நடக்கும். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட புத்தகம், ஒன்பதாம் நூற்றாண்டு என்று பலரும் சொல்கிறார்கள், அதில் இப்படி ஒரு வசவு இருக்கும் என்று என்னிடம் யாருமே சொன்னதில்லை. வட்டிக்காரர் வந்துபோன நாட்களில் நான் சாமி படத்தைப் பார்த்துப் பேசிய பேச்சுக்கு எத்தனை தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்! அதற்கெல்லாம் இந்தப் புத்தகத்தில் முன்னமே இடம் ஒதுக்கியிருக்கிறது.

அந்தாதி வேறு. ‘ஏசுவனே’ என்று முடிந்ததும் அடுத்தது ‘ஏசினும் யானுன்னை ஏத்தினும்’ என்று தொடங்கும். திட்டினாலும் புகழ்ந்தாலும் வருந்தி வாடுவது நான்தான் என்று குரல் உடனே இறங்கிவிடும்.

குறைகளுக்கு வருகிறேன். என் பதிப்பு சொல் பிரிக்காதது. ‘வேண்டத்தக்க தறிவோய்நீ’ என்று அச்சடித்திருந்தால் புதிதாகப் படிப்பவர் என்ன செய்வார்? எழுத்து பொடி. பசை போட்டு ஒட்டிய கட்டு, இரண்டாவது வருடமே முதுகு பிளந்துவிட்டது. 2019இல் பைண்டிங் செய்ய ஆன செலவு புத்தக விலையைத் தாண்டியது.

பெரிய குறை அச்சில் இல்லை, பாட்டில். நீத்தல் விண்ணப்பத்திலேயே ‘காருறு கண்ணியர் ஐம்புலன் ஆற்றங் கரைமரமாய்’ என்று ஒரு பாட்டு. கருங்கண் பெண்களாலும் ஐம்புலன்களாலும், ஆற்றங்கரை மரம் போல எந்நேரமும் விழக் காத்திருக்கிறேன் என்கிறார். இப்படிப் பெண்ணை வலையாகச் சொல்லும் இடங்கள் நிறைய உண்டு. கல்லூரியில் படிக்கிற என் மகள் ஒரு நாள் தோள்மேல் எட்டிப் பார்த்து, “இதையும் நீ பக்தியோட படிக்கிறியா அம்மா?” என்றாள். பெரியம்மாவைக் கேட்டால் உயிர் எல்லாமே பெண்தான், ஆண் பெண் என்று பார்க்காதே என்பார். எனக்கு அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. எழுதியது ஓர் ஆண், அவர் கண்ணில் நான் ஆபத்து. முற்றோதலில் அந்த இரண்டு சொல்லுக்கு வாயை மூடிக்கொள்கிறேன். ஆற்றங்கரை மரத்துக்குத் திறந்துகொள்கிறேன், அதை விட முடியவில்லை. வைகையில் எப்போதாவது வெள்ளம் வரும்போது கரையோரம் வேர் தெரிய நிற்கிற மரத்தைப் பார்த்தால் இந்த வரிதான் வருகிறது.

போனிலும் முயன்றேன். எழுத்தைப் பெரிதாக்கலாம், தேடலாம், பஸ்ஸில் படிக்கலாம். ஆனால் இலவசச் செயலி. ‘புல்லாகிப் பூடாய்’ வரும் இடத்தில் நகைக்கடன் விளம்பரம் பாதித் திரையை மறைத்தது. அழித்துவிட்டேன். 2020 ஊரடங்கில் சித்திரைத் திருவிழாவே நடக்கவில்லை, மீனாட்சி கல்யாணத்தை வீட்டில் உட்கார்ந்து திரையில்தான் பார்த்தோம். அப்போது எங்கள் குழு வீடியோ காலில் முற்றோதல் வைத்தது. ஒருவர் குரல் இன்னொருவருக்கு இரண்டு விநாடி தள்ளிக் கேட்கும். திருவெம்பாவை முழுக்க ஒரே சந்தைக்கடை இரைச்சல். பாதியில் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு, அவரவர் வீட்டில் அவரவர் குரலைக் கேட்டபடி முடித்தோம். எனக்குப் பிடித்த முற்றோதல் அதுதான்.

ஊர்க்காரியாக ஒரு வசதியும் சொல்ல வேண்டும். மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் இங்கிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரம். ஆவணி மூலத்துக்கு மாணிக்கவாசகரே அங்கிருந்து மதுரைக்கு எழுந்தருளுவார். புட்டுத்தோப்பில் சாமி மண் சுமந்து அடி வாங்கும் கதை இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். புத்தகத்தில் அது திருவம்மானையில் மூன்றே அடி, ‘புண்சுமந்த பொன்மேனி’ என்று முடிந்துவிடும். கூட்டத்தில் நசுங்கி அந்தத் திருவிழாவைப் பார்த்திருந்தால் அந்த மூன்று அடி போதும். பார்க்காத ஊர்க்காரர்களுக்கு எப்படி இருக்குமோ.

வாங்குவதாக இருந்தால் சொல் பிரித்தது, பெரிய எழுத்து, நூலால் தைத்த கட்டு. உரை முதலிலேயே வேண்டாம், பாட்டுக்கு முன் உரைக்குத்தான் கண் போகிறது. மண்டலக் கணக்கு வைக்காதீர்கள். மகள் அந்தப் பிச்சன் பாட்டைப் போட்டோ எடுத்து, செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். அரியர் இரண்டு.

துண்டுத்தாளை நான் தூக்கிப்போடவில்லை. குழைத்த பத்தில் அடையாளத்துக்கு அதுதான் கிடக்கிறது. நீத்தல் விண்ணப்பத்துக்கு அடையாளமே தேவைப்படுவதில்லை, புத்தகம் தானாக அங்கே விரிகிறது. ஐம்பதாவது பாட்டு ‘கடையவனே’ என்று முடிய, முதல் பாட்டு ‘கடையவனேனை’ என்று தொடங்குவதால் நாக்கு நிற்காமல் திரும்பப் போய்விடும். இதனால் 8:40 பஸ்ஸை இரண்டு தடவை விட்டிருக்கிறேன்.