முல்லைத்தீவா, மன்னாரா?

இலங்கையின் வடக்கே வன்னிப் பக்கம் கடலோரத்தில் இரண்டு இரவு தங்க நினைப்பவர்களுக்கு என் தெரிவு முல்லைத்தீவுதான். நகரை ஒட்டியே நீண்ட மணற்கரை. விடியவே போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுக்க, மீன் நிறைந்த வலையின் மடி கரைக்கு வந்ததும் காகங்களும் மீன் வாங்க வந்தவர்களும் ஒன்றாகச் சூழ்ந்துகொள்வார்கள். நேரம் போவதே தெரியாது. பிறகு நந்திக்கடல் களப்போரம் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகலாம். கடல்நீரில் விளக்கெரிக்கும் வைகாசிப் பொங்கலுக்குச் சனம் அலைமோதும். வட்டுவாகல் பாலம் கடந்தால் முள்ளிவாய்க்கால். 2009இல் போரின் இறுதி நாட்களில் எங்கள் சனம் மாண்ட மண் அது, அங்கே அடக்கமாக நடந்துகொள்ளுங்கள்.

தங்குமிடங்கள் அதிகமில்லை, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் பேரலையும் இருக்கும். அப்போது கடலில் இறங்கவே வேண்டாம்.

அந்த மாதங்களில்தான் வரமுடியும் என்றால்? சரி, மன்னாருக்குப் போங்கள். கொழும்பிலிருந்து தலைமன்னாருக்கு நேரே ரயில் உண்டு, சிறுபிள்ளைகளோடு வருபவர்களுக்கு அது பெரிய உதவி. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, பள்ளிமுனையில் உள்ள பெருக்கமரம் (பேயோபாப்), திருக்கேதீச்சரம் சிவன் கோயில் என்று பார்க்க நிறைய உண்டு. மாரியில் வங்காலைப் பக்கம் பூநாரைகள் வரும். இருநோக்குக்கண்ணாடி இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். கடற்குளிப்புக்கு மட்டும் எனக்கு முல்லைத்தீவுதான்.