தொப்பூர் இறக்கமும் என் காரின் பிரேக்கும்

பாலக்கோட்டிலிருந்து தம்பி ஒருவர் கேட்டார்: "உங்கள் மாடல் பழைய கார் விலை நன்றாக இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா அண்ணா?" மைலேஜும் இடவசதியும் அவருக்கே தெரியும். நான் பிரேக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அண்மையில்தான் அதைப் பிரித்துப் பார்த்தோம், கோபம் இன்னும் ஆறவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தருமபுரியிலிருந்து சேலம் போகையில் தொப்பூர் கணவாயில் இந்தக் கார் என்னை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும் மூன்றாவது கியர், சரிவு கூடினால் இரண்டாவது. வேகத்தை எஞ்சினே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அவ்வப்போது அழுத்தி விட்டாலே போதும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருண்டு வரும் லாரிகளின் பிரேக் கருகும் நாற்றம் அங்கே பலருக்கும் பழக்கம். மழையில் அப்படியொரு லாரி குறுக்கே வந்தபோது பிரேக்கை முழுதாக மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்து பெடல் காலடியில் தடதடவென்று அதிர்ந்தது. காலை எடுக்காமல் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். கார் வழுக்காமல் ஒதுங்கி நின்றது. அன்று முதல் அதன்மேல் எனக்குத் தனிப் பாசம்.

ஆனால் அந்தக் கீச்சொலி! இடது முன்சக்கரத்தில் மாதக்கணக்காக. சர்வீஸ் சென்டரில் சொன்னபோதெல்லாம் "தூசுதான் சார், சுத்தம் செய்துவிட்டோம்" என்றார்கள். பில்லிலும் பிரேக் சுத்தம் செய்ததற்குத் தவறாமல் ஒரு தொகை. கடைசியில் நேதாஜி பைபாஸ் சாலையில் ஒரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் இறுக்கிப் பிடிப்பவைதான் பேடுகள். வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் இருந்தது. உள்பக்க பேடோ இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பேடுகளை அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கான பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டதால் ஒரு பக்கமே தேய்ந்திருக்கிறது. பேட் தீரும்போது டிஸ்க்கில் உரசி எச்சரிக்கத்தான் அதில் சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தத்தைத்தான் தூசு என்றார்கள். ஒருமுறை சக்கரத்தைக் கழற்றியிருந்தால் தெரிந்திருக்கும். மலைப்பாதைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் இப்படியா இருப்பது?

பிரேக் ஆயிலும் கறுத்திருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புதிய ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகி, பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் காரின் கையேட்டிலேயே இருக்கிறது.

இப்போது பேட், ஆயில் எல்லாம் புதிது. பெடல் கெட்டியாக, மிதித்த இடத்தில் நிற்கிறது. இதைவிட நல்ல பிரேக்கை இந்த விலையில் நான் ஓட்டியதில்லை.

இருந்தாலும் வாங்காதே தம்பி. இன்றைக்கு என் பதில் அதுதான். வாங்கியே தீருவேன் என்றால், முன்சக்கரம் இரண்டையும் கழற்றச் சொல்லி உள்பக்க பேடைக் கண்ணால் பார்த்துவிட்டு முன்பணம் கொடு.